மழையே பெய்யாத நாளில் கூரை ஒழுகுவது ஏன்? மலை வீடுகளும் பனிக்காலமும்

நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் இருக்கும் என் சித்தியின் வீட்டில் தங்கியிருந்த ஒரு ஜனவரி மாதக் காலையில், கட்டிலின் கால்மாட்டில் வைத்திருந்த குண்டானில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டு விழித்துக்கொண்டேன். மழை பெய்து மூன்று வாரங்களுக்கு மேல் ஆகியிருந்தது. வெளியே வந்து பார்த்தால் வானத்தில் பொட்டு மேகம் இல்லை. முற்றத்துப் புல் முழுவதும் உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடந்தது. "போன வருஷமும் தார் பூசினோம், அதுக்கு முந்தின வருஷமும் பூசினோம். பனி விழ ஆரம்பிச்சா இதுவும் ஆரம்பிச்சுடுதுப்பா," என்றார் சித்தி. ஸ்டூலின் மேல் ஏறி, டார்ச் விளக்கை அடித்துக் கூரையின் அடிப்புறத்தைப் பார்த்தபோது, தகரத்தில் ஓட்டை ஒன்றும் தென்படவில்லை. ஆனால் தகரத்தைச் சட்டத்தோடு பிணைக்கும் ஒவ்வொரு ஜே போல்ட்டின் வளைந்த நுனியிலும் ஒரு சொட்டு நீர் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வரிசையில் எண்ணிப் பார்த்தேன்: 11 போல்ட்டுகள், 11 சொட்டுகள்.

அந்த நீர் வெளியிலிருந்து உள்ளே வந்ததன்று. அது வீட்டுக்குள்ளேயே பிறந்த நீர். இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் மலைகளில் ஆண்டுதோறும் எத்தனையோ டின் தார் வீணாகிறது. குளிர்காலம் நம் கூரைகளை எப்படியெல்லாம் பாதிக்கிறது, அதில் எதற்கு எந்த மருந்து என்பதைக் கட்டடத் துறை அறிவு ஏதும் இல்லாதவர்களுக்கும் விளங்கும்படி சொல்ல முயல்கிறேன்.

நம் குளிர்காலம் வேறு, பனிப்பொழிவு நாட்டுக் குளிர்காலம் வேறு

குளிர்காலக் கூரைப் பராமரிப்பு என்று தேடினால் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை வெண்பனி பொழியும் நாடுகளுக்காக எழுதப்பட்டவை. அங்கே கூரையின்மேல் அடிக்கணக்கில் பனி குவிந்து, அதன் பாரத்தில் சட்டங்கள் முறிகின்றன. வீட்டின் சூட்டில் அடிப்பனி உருகி வழிந்து, குளிர்ந்த இறவாரத்தை அடைந்ததும் மீண்டும் உறைந்து ஒரு வரப்புபோல நிற்க, அதன் பின்னால் தேங்கும் நீர் கூரைப் பொருளுக்கு அடியில் புகுந்து உள்ளே இறங்குகிறது. காஷ்மீரிலும் இமாசலப் பிரதேசத்திலும் இது மெய்யான தொல்லை. நீலகிரியிலும் பழனி மலையிலும் அப்படிக் குவியும் பனி இல்லாததால், அந்த அறிவுரைகளில் பாதிக்கு மேல் நமக்குப் பயன்படாது.

தமிழில் பனி என்ற ஒரே சொல் பல பொருள்களைச் சுமப்பதும் குழப்பத்துக்கு ஒரு காரணம். மலையில் இருப்பவர்கள் இதைப் பிரித்தே சொல்கிறார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு நடுவிலும் அது ஓயும் காலத்திலும் இரவில் புல்லின்மேல் நீர்த்துளியாகப் படிவது நீர்ப்பனி. பிறகு குளிர் இறுகி, அதே ஈரம் வெண்மையான படிகமாக உறைந்து நிற்பது உறைபனி. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில், நவம்பர் தொடங்கிப் பிப்ரவரி வரையிலான மாதங்களில், குறிப்பாக டிசம்பரிலும் ஜனவரியிலும், இரவு வெப்பநிலை சுழியத்தை நெருங்கும். தலைக்குந்தா, அவலாஞ்சி போன்ற இடங்களில் அதற்குக் கீழேயும் போகும். அதே நாளின் பிற்பகலில் வெயில் 20 டிகிரியைத் தாண்டும். 2,100 மீட்டருக்கு மேல் உள்ள கொடைக்கானலிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். குன்னூரும் கோத்தகிரியும் 1,800 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருப்பதால் உறைபனி அங்கே குறைவு. ஆனால் ஈரம் அதிகம்.

ஆகவே நம் கூரைகளுக்கு எதிரி பாரமன்று. பகலுக்கும் இரவுக்கும் இடையிலான வெப்ப ஏற்றத்தாழ்வும், ஒவ்வோர் இரவும் சத்தமில்லாமல் படியும் ஈரமும்தான். மழையைப்போல் இவை ஆர்ப்பாட்டம் செய்வதில்லை என்பதால் யாரும் கவனிப்பதில்லை.

காற்றைவிடக் கூரை ஏன் அதிகம் குளிர்கிறது

வானிலை அறிக்கை 3 டிகிரி என்று சொல்லும் நாளில் கூரையின்மேல் உறைபனி நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். நீர் உறைவது சுழியத்தில் அல்லவா, 3 டிகிரியில் எப்படி உறைந்தது என்ற கேள்வி நியாயமானதே. எந்தப் பொருளும் தன் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத கதிராக வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. மேகம் இருந்தால், அது மேலிருந்து வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். தெளிந்த வானமாக இருந்தால் போன வெப்பம் போனதுதான். வானத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் மெல்லிய தகரம், இப்படி வெப்பத்தை இழந்து இழந்து, சுற்றியுள்ள காற்றைக் காட்டிலும் சில டிகிரி கீழே இறங்கிவிடுகிறது. மரத்தடியில் நிறுத்திய வண்டியின் கண்ணாடியில் பனி உறையாமல், திறந்த வெளியில் நிறுத்திய வண்டியில் உறைவதும் இதனால்தான். பூங்காக்களிலும் தோட்டங்களிலும் செடிகளின்மேல் மிலார் என்னும் புதர்ச்செடியின் கிளைகளைப் பரப்பி மூடுகிறார்களே, அதன் வேலையும் போர்வையாக இருப்பதைவிடச் செடிக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு மறைப்பாக இருப்பதுதான்.

குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவுகளில் இறங்கிப் பள்ளங்களில் தேங்கும். அதனால் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் வீட்டின் கூரை வெளுத்திருக்க, அதே ஊரில் மேட்டில் இருக்கும் வீட்டில் நீர்ப்பனி மட்டுமே இருக்கலாம். "எதிர்வீட்டுக் கூரைக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்ற ஒப்பீடு மலையில் அவ்வளவாகச் செல்லாது.

இட்லிக் கொப்பரை மூடி

இப்போது சித்தி வீட்டுச் சொட்டுக்கு வருவோம். இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறக்கும்போது அதன் உட்புறத்திலிருந்து நீர் சொட்டும். மூடியில் ஓட்டை என்று யாரும் சொல்வதில்லை. உள்ளே எழுந்த ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து நீரானது என்பது நமக்குத் தெரியும். பனிக்கால இரவில் தகரக் கூரை வீடு ஒரு பெரிய இட்லிக் கொப்பரைதான்.

காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் அளவுக்கு நீராவியைத் தாங்கும்; 5 டிகிரியில் ஏறத்தாழ 7 கிராம்; சுழியத்தில் 5 கிராமுக்கும் சற்றுக் குறைவு. சூடான காற்று குளிர்ந்த பரப்பில் பட்டவுடன், தன்னால் தாங்க முடியாத மிச்சத்தை அங்கேயே நீராக விட்டுவிடும். அறை 20 டிகிரியில் இருந்து, அதன் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் பாதியை மட்டுமே வைத்திருந்தால்கூட, 9 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியத் தொடங்கும். உறைபனி இரவில் தகரம் 9 டிகிரியில் எங்கே நிற்கும்? அது 2 டிகிரியிலும் சுழியத்திலும் அல்லவா இருக்கிறது. போல்ட்டின் நுனியில் முதலில் சொட்டு திரள்வதற்குக் காரணம், அந்த இரும்பு கூரைக்கு வெளியே இருக்கும் குளிரை நேராக உள்ளே கொண்டுவருவதும், தகரத்தின் அடியில் படிந்த ஈரம் வழிந்து அங்கே கூடுவதும்தான்.

இவ்வளவு நீராவி வீட்டுக்குள் எங்கிருந்து வருகிறது என்று சித்தி நம்பாமல் கேட்டார். கணக்குப் போட்டால் வியப்பாகத்தான் இருக்கிறது. தூங்கும் ஒருவர் மூச்சிலும் வியர்வையிலும் மணிக்குச் சுமார் 40 கிராம் நீரை வெளிவிடுகிறார். நான்கு பேர் எட்டு மணி நேரம் தூங்கினால் ஒரு லிட்டருக்கு மேல். சமையல் எரிவாயு எரியும்போது உண்டாகும் பொருள்களில் ஒன்று நீராவி என்பது பலருக்குத் தெரியாது: ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நீர் பிறக்கிறது. வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது, 22 லிட்டர் அளவுக்கு நீர் ஆவியாகச் சமையலறைக் காற்றில் கலந்திருக்கும். பானையில் கொதிக்கும் தண்ணீரின் ஆவி இதில் சேராது. இதற்கு மேல் குளியல் வெந்நீர். வெளியே போட்டால் காயாது என்று வீட்டுக்குள் கொடி கட்டி உலர்த்தும் கம்பளி, ஸ்வெட்டர், பள்ளிச் சீருடை ஆகியவற்றின் ஈரமும் எங்கும் போய்விடுவதில்லை. குளிருக்குப் பயந்து சன்னல், கதவு, சுவரின் மேலே இருக்கும் சின்னக் காற்றுத் துவாரம் அத்தனையையும் துணி வைத்து அடைத்துவிடுகிறோம் என்பதால், இந்த ஈரம் முழுவதும் போக வழியின்றிக் கூரைக்குத்தான் ஏறுகிறது.

இந்த ஈரம் கீழே சொட்டுவதோடு நின்றால் குண்டான் வைத்துச் சமாளிக்கலாம். தகரத்தின் அடிப்புறம் துருப்பிடிப்பதும், கூரையைத் தாங்கும் ரீப்பர்களும் (குறுக்குச் சட்டங்கள்) கைமரங்களும் மெல்ல மெல்ல உளுத்துப்போவதும், பலகைச் சீலிங்கின் மேற்புறத்தில் பூசணம் பரவுவதும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கின்றன. சீலிங் போட்ட வீட்டில் சொட்டுச் சத்தம் கேட்காது. ஆனால் ஓதத்தின் நெடி வரும். அந்த நெடி வந்தால் சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றி உள்ளே பார்த்துவிடுவது நல்லது.

ஒழுக்கா, வியர்வையா?

சொட்டுவது வெளியிலிருந்து இறங்கும் ஒழுக்கா, உள்ளே ஆவி குளிர்ந்து படியும் கூரையின் வியர்வையா என்பதைத் தார் டின்னை வாங்குவதற்கு முன்னால் தீர்மானிக்க வேண்டும். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. மழை பெய்யாத, தெளிந்த இரவுக்குப் பின் வரும் காலையில் மட்டும் சொட்டுகிறதா என்று ஒரு வாரம் கவனித்துக் காலண்டரில் குறித்து வையுங்கள். வியர்வை என்றால் ஒரே இடத்தில் சொட்டாது. போல்ட் வரிசை முழுவதிலும், சட்டத்தை ஒட்டிய இடங்களிலும் பரவலாகச் சொட்டும். சமையலறைக்கு மேலேயும் அதிகம் பேர் படுக்கும் அறைக்கு மேலேயும் கூடுதலாகவும், பூட்டிக் கிடக்கும் அறையில் மிகக் குறைவாகவும் இருக்கும். ஒழுக்கு என்றால் மழையோடு வந்து மழையோடு போகும். ஒரே இடத்தில் பழுப்பு நிறக் கறையை வளையமாக விட்டுச் செல்லும். ஐயம் இருந்தால் ஓர் இரவு மட்டும் சன்னலை நான்கு விரல் அளவு திறந்துவைத்துப் படுத்துப் பாருங்கள். காலையில் சொட்டு பாதியாகக் குறைந்திருந்தால் விடை கிடைத்துவிட்டது.

இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று உண்டு. கூரையின் மேற்புறத்தில் படிந்த உறைபனி, வெயில் பட்டவுடன் ஒரே நேரத்தில் உருகி வழிகிறது. மழைபோல் விசையோடு ஓடாமல் மெல்லப் படர்ந்து வரும் இந்த நீர், இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் இடுக்கை அடைந்தால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அந்த இடுக்கில் மேல்நோக்கியும் ஏறும். தகடுகளின் முனைகள் குறைந்தது ஆறு அங்குலமாவது ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான். சரிவு குறைவான கூரையில் ஆறு அங்குலமும் போதாது. இந்தச் சொட்டு விடியற்காலையில் வராது. வெயில் ஏறிய பிறகு, எட்டு ஒன்பது மணிக்கு வரும். இதற்கு மட்டும் இடுக்கில் வைக்கும் பிசின் நாடா அல்லது சிலிகான் உதவும்.

நீளும் தகரம், தளரும் போல்ட்

காலை எட்டு மணி வாக்கில் தகர வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தலைக்கு மேலே டக் டக் என்று கேட்கும் சத்தம் பழக்கமானது. குரங்கு என்று நினைத்துக் குச்சியோடு ஓடிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. தகரம் சூடேறி நீள்கிறது. போல்ட் அதை இழுத்துப் பிடிக்கிறது. பிடி நழுவும்போதெல்லாம் ஒரு சத்தம். எஃகுத் தகடு ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரிக்கு 0.012 மில்லிமீட்டர் அளவில் நீளும். 12 அடித் தகடு விடியற்காலைச் சுழியத்திலிருந்து பகல் வெயிலில் 40 டிகிரிக்குச் சூடேறினால், ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மில்லிமீட்டர் நீண்டு, இரவில் மறுபடி சுருங்கும். ஒருநாள் என்றால் ஒன்றுமில்லை. ஒரு பருவத்தில் அறுபது எழுபது முறை இப்படி நடக்கும்போது போல்ட் துளை முட்டை வடிவத்தில் அகன்றுவிடுகிறது. மலை வெயிலில் புற ஊதாக் கதிர் சமவெளியைவிடக் கூடுதலாக இருப்பதால், துளையை மூடியிருக்கும் ரப்பர் வாஷரும் சில ஆண்டுகளில் காய்ந்து வெடித்துவிடும். அகன்ற துளை, வெடித்த வாஷர் இரண்டும் சேர்ந்தபின் வரும் முதல் மழையில் தொடங்குவது உண்மையான ஒழுக்கு. பனிக்காலத்தில் செய்த தவறுக்கு ஜூன் மாதத்தில் தண்டனை என்று சொல்லலாம்.

எனவே ஆண்டுக்கு ஒருமுறை போல்ட்டுகளைப் பார்த்து, தளர்ந்தவற்றை முறுக்கி, வாஷர் கெட்டவற்றை மாற்றுவது கூரைக்குச் செய்யும் வேலைகளில் மிக மலிவானதும் மிகப் பயனுள்ளதும் ஆகும். இறுக்குகிறேன் என்று வாஷர் பிதுங்கும் அளவுக்கு முறுக்கக் கூடாது. அலைத் தகட்டில் துளை எப்போதும் மேட்டில் இருக்க வேண்டும். நீரோடும் பள்ளத்தில் துளை போட்டுவிட்டு அதன்மேல் எத்தனை பூச்சுப் பூசினாலும் நிற்காது. பழைய இடத்தில் துளை அகன்றிருந்தால் அதே துளையில் பெரிய வாஷர் போட்டுப் பிடிக்கலாம். ஆணி அடித்து ஒட்டுப்போடுவதைத் தவிர்த்துவிடுங்கள். தகரத்தின் நீட்சி ஆணியைத் தானாகவே பிடுங்கிவிடும்.

கூரைக்கு மழைநீர்க் குழாயாகப் போடும் பிவிசி, எஃகைவிட ஐந்தாறு மடங்கு அதிகமாக நீண்டு சுருங்கும். அதை இரு முனைகளிலும் இறுகப் பிடித்துவிட்டால் நடுவில் வளையும், இணைப்பில் விடும். கற்பூர மரத்து இலையும் சீகை மரத்துப் பூவும் விழும் இடங்களில் இந்தக் குழாய்கள் அடைத்துக்கொள்வது தனிக் கதை. செப்டம்பர் இறுதியில் ஒருமுறையும் டிசம்பர் நடுவில் ஒருமுறையும் கையால் வாரி எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

ஓட்டு வீடுகள்

1865-இல் மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பினர் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய மங்களூர் ஓடு, மலைகளின் பழைய பங்களாக்களிலும் பள்ளிக் கட்டடங்களிலும் இன்றும் நிற்கிறது. ஓட்டுக் கூரைக்கு ஒரு நல்ல குணம் உண்டு: இடுக்குகளின் வழியே அது மூச்சு விடும். அதனால் தகரத்தில் வருவதுபோல் வியர்த்துக் கொட்டுவதில்லை. அதன் தொல்லை வேறு. சுட்ட மண்ணில் நுண்துளைகள் உண்டு; அவற்றில் ஊறிய நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருக்கும். நன்றாக வெந்த ஓடு இதைத் தாங்கும். வேகாத ஓட்டின் பரப்பு செதில் செதிலாக உரிந்து, விளிம்புகள் பொடிந்து, சில ஆண்டுகளில் கையில் எடுத்தால் உடையும் நிலைக்கு வந்துவிடும். மாற்று ஓடு வாங்கும்போது ஒவ்வொன்றையும் விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் வாங்குங்கள், பொத் என்றால் வைத்துவிடுங்கள்.

கூரையின் வடக்குப் பக்கத்தில் பாசி அதிகம் படர்வதைக் கவனித்திருக்கலாம். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், வடக்குச் சரிவில் வெயில் சாய்வாகவும் குறைந்த நேரமுமே விழுகிறது. இரவு படிந்த ஈரம் அங்கே காய்வதற்குள் அடுத்த இரவு வந்துவிடும். பாசி ஒரு பஞ்சுபோல் நீரைப் பிடித்துவைத்து ஓட்டின் நுண்துளைகளுக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். அதை மரக் கரண்டியாலோ நார்த் துடைப்பத்தாலோ மேலிருந்து கீழ்நோக்கித் தள்ளி எடுக்க வேண்டும். உயர் அழுத்தத் தண்ணீர்ப் பீய்ச்சியை ஓட்டுக்குப் பயன்படுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாசியோடு ஓட்டின் மேல்தோலும் போய்விடும், ஓட்டுக்கு அடியிலும் நீர் ஏறிவிடும்.

முகட்டோடுகளைச் சிமெண்ட் கலவையால் பூசியிருப்பார்கள். அடியில் இருக்கும் மரம் ஈரத்தில் பருத்தும் வெயிலில் சுருங்கியும் அசைவதால், இறுகிய சிமெண்ட் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் முதலில் முகட்டில்தான் கீறல் விடும். பழையவர்கள் பூசிய சுண்ணாம்புக் கலவை சற்று நெகிழ்ந்து கொடுக்கும். இப்போதும் சுண்ணாம்பு கலந்து பூசத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் விடாதீர்கள். குரங்குகள் நகர்த்திவிடும் ஓடுகளுக்கு இறவாரத்திலும் முகட்டிலும் உள்ள வரிசைகளைக் கம்பியால் ரீப்பரோடு கட்டுவது ஓரளவு பயன் தரும். காற்றுக்கும் இதே கட்டுத்தான் காப்பு. காற்று கூரையை அழுத்துவதைவிட உறிஞ்சித் தூக்குவதே அதிகம், அதுவும் விளிம்புகளில்தான் மிகுதி. 2018 நவம்பரில் கஜா புயல் கடலோரத்தைக் கடந்து பழனி மலை வரை வந்து மரங்களைச் சாய்த்ததை நினைத்துப் பார்த்தால், குளிர்கால முகப்பில் காற்றையும் மறந்துவிட முடியாது.

கான்கிரீட் தளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் நீண்டு சுருங்கும், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் கீறும், அந்தக் கீறலில் நீர் இறங்கினால் கம்பி துருப்பிடித்துப் பெயர்க்கும். தண்ணீர் தேங்காமல் வாட்டம் இருப்பதும், மூலைகளைக் கோணமாக விடாமல் வளைத்துப் பூசுவதும் முக்கியம். தளத்தின் மேலேயே நேரடியாக நீர்க்காப்புப் பூச்சு அடிப்பவர்கள், தளம் முழுவதும் காய்ந்த பின்னரே அடிக்க வேண்டும்; ஈரத்தின்மேல் அடித்த பூச்சு அடுத்த வெயிலில் கொப்புளித்து எழும்.

என்ன செய்யலாம்

வியர்வைக்கு மருந்து மூன்றுதான்: ஈரத்தைக் குறைப்பது, இருக்கும் ஈரத்தை வெளியே அனுப்புவது, சூடான காற்று குளிர்ந்த தகரத்தைத் தொடாமல் தடுப்பது. முதல் இரண்டுக்கும் செலவு குறைவு. சமையலறையில் வெளியேற்றும் மின்விசிறியைச் சமைக்கும்போதும் சமைத்து முடித்த பின் கால் மணி நேரமும் ஓடவிடுவது, குளியலறைக் கதவை மூடிவைத்து அதன் சன்னலைத் திறந்துவிடுவது, ஈரத் துணியைப் படுக்கை அறையில் உலர்த்தாமல் இருப்பது ஆகியவை பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும். இறவாரத்தை ஒட்டிச் சுவரின் உச்சியில் இருக்கும் துவாரங்களை அடைக்காதீர்கள். பூச்சியும் எலியும் வரும் என்றால் கம்பி வலை அடியுங்கள்.

மூன்றாவது செலவுள்ளது. தகரத்துக்கும் அறைக்கும் நடுவே சீலிங் போட்டு, அதன்மேல் கண்ணாடி இழைப் பஞ்சு போன்ற வெப்பத் தடுப்பை விரிக்கலாம். இதில் பலரும் செய்யும் பிழை, தடுப்பை விரித்துவிட்டுக் கூரையின் இடைவெளிகளை முழுக்க மூடிவிடுவது. சீலிங்கின் இடுக்கு வழியே ஏறும் கொஞ்ச ஈரமும் அங்கே சிறைப்பட்டுப் பஞ்சை நனைத்துவிடும். நனைந்த பஞ்சு குளிரைத் தடுக்காது. அறைப் பக்கம் இடுக்கில்லாமல் மூடியிருக்க வேண்டும், கூரைப் பக்கம் காற்றோட வேண்டும் என்பதே விதி. புதிதாகத் தகடு மாற்றுபவர்கள், தகடு வேயும்போதே அடியில் குமிழி வைத்த வெள்ளிப் படலத்தை விரித்துவிட்டால் செலவு குறையும். தெர்மோகோல் மலிவு என்றாலும் எளிதில் தீப்பற்றும், எலிக்கும் பிடிக்கும். அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

குளிருக்கு அடுப்புக் கரி மூட்டி அறையை அடைத்துக்கொண்டு தூங்குவது உயிரைப் பறிக்கும். கரி எரியும்போது எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இதனால் மரணங்கள் நேர்ந்திருக்கின்றன. கூரைக்காகச் சொல்லும் காற்றோட்டம் உயிருக்கும் வேண்டியதே.

துருப்பிடித்த தகரத்துக்கு, கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து எடுத்து, துரு தடுக்கும் பிரைமர் அடித்து, அதன்மேல் வண்ணம் அடிக்க வேண்டும். புதிய துத்தநாகப் பூச்சுத் தகட்டின்மேல் சாதாரண எனாமல் பெயிண்டை நேரடியாக அடித்தால் அது தோல்போல் உரிந்து வரும். அதற்கென உள்ள பிரைமரைக் கேட்டு வாங்குங்கள். காலை பத்து மணிக்கு முன்பு அடித்த வண்ணம், கண்ணுக்குத் தெரியாத ஈரத்தின்மேல் அடித்ததாகிவிடும்; பிற்பகல் மூன்று மணிக்குப் பின்பு அடித்தால், காய்வதற்குள் அதன்மேல் ஈரம் படிந்துவிடும்.

பழைய சிமெண்ட் ஷீட் கூரைகளில் பெரும்பாலானவை ஆஸ்பெஸ்டாஸ் கலந்தவை. அவற்றை உலர்ந்த நிலையில் தேய்ப்பது, அறுப்பது, துளையிடுவது மூன்றும் ஆபத்து. பறக்கும் நுண்ணிழை நுரையீரலில் தங்கிப் புற்றுநோய்வரை கொண்டுபோகும். பாசி எடுக்க வேண்டும் என்றால் நன்றாக நனைத்து, முகமூடி அணிந்து, மென்மையாக எடுக்க வேண்டும். மாற்றும் எண்ணம் இருந்தால் உடைக்காமல் முழுத் தகடாக இறக்கச் சொல்லுங்கள்.

எந்தக் கூரையானாலும் உறைபனி உருகிக் காயும்வரை யாரும் மேலே ஏறக் கூடாது. சிமெண்ட் ஷீட் வயதானால் பார்ப்பதற்குத் திடமாக இருந்தாலும் மிதித்தால் உடையும். வெளிச்சத்துக்காக இடையிடையே பதித்திருக்கும் ஃபைபர் ஷீட் இன்னும் மோசம், பாசி படிந்த பின் அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கீழே சட்டம் போகும் கோட்டைப் பார்த்து, அதன்மேல் பலகை போட்டு, பலகையில் மட்டும் நடக்க வேண்டும்.

பெரிய வேலைகளுக்கு ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை உகந்த காலம். அதற்குப் பிறகு கோடை மழை குறுக்கிடும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையே பெரிது என்பதால் அங்கே மே மாதத்துக்குள் முடித்தாக வேண்டும். வடகிழக்குப் பருவமழை அதிகம் வாங்கும் குன்னூர், கோத்தகிரியில் செப்டம்பர் இறுதியில் மறுபடி ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

சித்தி வீட்டில் தார் பூசுவதை நிறுத்திவிட்டு, அடைத்துவைத்த துவாரங்களைத் திறந்து வலை அடித்தோம். சமையலறையில் விசிறி வைத்தோம். ஏழெட்டு வாஷர்களை மாற்றினோம். முகட்டுத் தகட்டின் அடியில் விட்டிருந்த இடைவெளியை, வேலைக்கு வந்தவர் அக்கறையோடு சிமெண்ட் வைத்து மூடப் போனார். நல்லவேளையாகச் சித்தி பார்த்து, "அண்ணா, அது இருக்கட்டும், காத்துப் போகத்தான்," என்று தடுத்துவிட்டார். அடுத்த பனிக்காலத்தில் படுக்கை அறையில் சொட்டு இல்லை. குளியலறைக்கு மேலே இன்னமும் இரண்டு போல்ட் சொட்டுகின்றன. வெந்நீர் போட்ட கையோடு சன்னலைத் திறக்கச் சித்தப்பா மறந்துவிடுகிறார்.